தாயின் மார்க்கம் வேறாயினும்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நிறைவுற்று மக்கள் கலைந்து சென்றபின், ஹவுளின் ஓரமாக ஓர் இளைஞர் தயங்கியவாறு நின்றிருந்தார். எங்களூர்க் கடைவீதியில் இரும்புக்கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். ஆறாண்டுகளுக்கு முன் கலிமாச் சொல்லி இஸ்லாத்தைத் தழுவியவர். ஐவேளைத் தொழுகையை ஜமாஅத்துடன் நிறைவேற்றுவதில் பரம்பரை முஸ்லிம்களாகிய நம்மில் பலரை வெட்கமுறச் செய்பவர். அருகே சென்று, "என்ன தம்பி?" என்றேன். அவர் குரல் தழுதழுத்தது.

"அம்மாவுக்குப் பக்கவாதம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஹஜ்ரத். என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். பழைய பெயரை. நான் போகலாமா?"

போகலாமா என்று ஒரு மகன் கேட்க நேர்ந்ததே என நான் திகைத்தேன். விசாரித்தபோதுதான் விவரம் வெளிவந்தது. நன்மையை நாடியே பேசும் ஒருவர் அவரிடம், இணைவைப்போர் இல்லத்தில் கால் வைத்தால் ஈமான் பழுதுபடும், ஏகத்துவத்தை ஏற்றவனுக்கு இனி அந்த உறவில்லை, என்று சொல்லியிருக்கிறார். அச்சொல்லுக்கு அஞ்சி ஆறாண்டுகளில் இரண்டே முறைதான் தாயைப் பார்த்திருக்கிறார் இப்பிள்ளை.

"இன்றிரவு வண்டிக்கே புறப்படுங்கள், தம்பி. மஸ்அலாக்களைத் திரும்பி வந்தபின் பேசிக்கொள்வோம்" என்று கூறி அனுப்பிவைத்தேன். அவர் சென்றுவிட்டார். அவர் கேட்ட கேள்வி என்னுடன் தங்கிவிட்டது. இத்தகைய ஐயம் வேறு இல்லங்களிலும் வாய்திறவாமல் இருக்கக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

இதே கேள்வி ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் மதீனமா நகரில் எழுந்தது. கேட்டவர் எவரோ ஒருவரல்லர்; அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் அருமை மகளார் அஸ்மா (ரலி) அவர்கள். அன்னாரின் தாயார் பெயர் குதைலா. அறியாமைக் காலத்திலேயே அபூபக்ர் (ரலி) அவர்களால் மணவிலக்குச் செய்யப்பட்டவர். அவர் இஸ்லாத்தை ஏற்காது மக்காவில் தம் முன்னோர் வழியிலேயே இருந்துவந்தார். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், ஹுதைபிய்யா உடன்படிக்கை ஏற்பட்டு மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே வழி திறந்தது. அந்த அமைதிக் காலத்தில் தாயார் மகளைக் காணப் புறப்பட்டு வந்தார்.

வெறுங்கையோடு வரவில்லை. நெய்யும், உலர்ந்த பாற்கட்டியும், இன்னும் சில பொருள்களும் கொண்டுவந்ததாக முஸ்னது அஹ்மதில் காணப்படும் அறிவிப்பு கூறுகிறது. அவ்வறிவிப்பின்படி, அஸ்மா (ரலி) அவர்கள் அந்த அன்பளிப்பை வாங்கவுமில்லை. தாயை வீட்டினுள் அழைக்கவுமில்லை. தம் சகோதரியார் ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நாயகம் (ஸல்) அவர்களிடம் விளக்கம் கேட்டுவரச் செய்தார்கள். அந்தப் பதில் வரும்வரை அத்தாய் வாயிலிலேயே நின்றிருக்க வேண்டும். நெடுவழிப் பயணம் செய்து வந்த ஒரு பெண்மணி, நெய்க்குடத்துடன் மகளின் வாயிலில் நிற்கும் அக்காட்சியை நினைக்கும்தோறும் என் மனம் நெகிழ்கிறது. மகளாரின் உள்ளமும் உருகாமல் இருந்திருக்காது. ஆயினும் அல்லாஹ்வுக்கு உகவாத செயலைச் செய்துவிடுவோமோ என்ற பேரச்சம் அவர்களைத் தடுத்து நிறுத்தியது.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் அஸ்மா (ரலி) அவர்களே நேரில் கேட்டதாகப் பதிவாகியுள்ளது. தம் தாயார் வந்திருப்பதைக் குறிப்பிடுகையில் அவர்கள் 'ராஃகிபா' என்னும் சொல்லைப் பயன்படுத்தினார்கள். இச்சொல்லுக்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். ஏதேனும் கிடைக்கும் என்ற ஆவலோடு வந்தவர் என்பது ஒன்று. இஸ்லாத்தின்மீது விருப்பமற்றவராய் வந்தவர் என்பது மற்றொன்று. ஹதீஸ் விரிவுரையாளர்கள் இதுபற்றி நெடிது எழுதியிருக்கிறார்கள். எப்பொருளைக் கொண்டாலும் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடை மாறவில்லை. ஆம், உம் தாயாரின் உறவைப் பேணி நடந்துகொள்வீராக என்ற கருத்திலேயே அண்ணலார் (ஸல்) அவர்கள் பதில் அருளினார்கள். அத்தாய் முதலில் மார்க்கத்தைத் தழுவட்டும் என்று அவர்கள் ஒரு நிபந்தனையும் விதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருமறையின் மும்தஹினா அத்தியாயத்து எட்டாவது வசனம் இந்நிகழ்ச்சியை ஒட்டியே இறங்கியது என்று ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) அவர்கள் கூறியதாக இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். மார்க்கத்தின் காரணமாக உங்களோடு போரிடாதவர்கள், உங்களை உங்கள் இல்லங்களிலிருந்து விரட்டாதவர்கள் ஆகியோருக்கு நன்மை செய்வதையும், அவர்களிடம் நீதியுடன் நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பதே அவ்வசனத்தின் கருத்து. அடுத்த வசனம், போரிட்டு விரட்டியவர்களோடு நேசக்கூட்டு வைப்பதை விலக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கருத்து முழுமையாகும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை மறைப்பது அறிவுடைமை ஆகாது. அது இருசாரார் செய்யும் தவறு.

எட்டாவது வசனத்தில் வரும் ஒரு சொல்லைக் குறித்துச் சிறிது கூற விரும்புகிறேன். நன்மை செய்வதைக் குறிக்க அங்கே 'பிர்ரு' என்னும் வேர்ச்சொல் கையாளப்பட்டிருக்கிறது. பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையை நாம் 'பிர்ருல் வாலிதைன்' என்று கூறுகிறோமல்லவா, அதே சொல்! கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றாதிருத்தல் என்ற அளவோடு நின்றிருந்தால் 'நீதி' என்ற சொல்லே போதுமாயிருக்கும். அதற்கும் முன்னதாக 'பிர்ரு' வைக்கப்பட்டிருக்கிறது. எகிப்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 684இல் மறைந்த மாலிக்கி மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஷிஹாபுத்தீன் அல்கராஃபி அவர்கள் தம் 'அல்ஃபுரூக்' என்னும் நூலில் இச்சொல்லை விரித்துரைக்கிறார்கள். முஸ்லிம்களின் பாதுகாப்பில் வாழும் பிற சமயத்தவரில் எளியோரிடம் இரங்குவதும், ஏழையின் தேவையை நிறைவேற்றுவதும், பசித்தோருக்கு உணவும் உடையற்றோர்க்கு உடையும் தருவதும் இதில் அடங்குமாம். அண்டைவீட்டார் தரும் தொல்லையை அகற்ற வலிமை இருந்தும் பொறுத்துக்கொள்வதும், அவர்களுடைய மானத்தையும் பொருளையும் அவர்கள் இல்லாத இடத்திலும் காப்பதும் அவ்வாறே. அவர்களிடம் மென்மையாகப் பேச வேண்டும். ஆனால் அம்மென்மை அச்சத்தால் பிறந்ததாக இருத்தலாகாது, பரிவால் பிறந்ததாக இருக்க வேண்டும் என்று இமாம் அவர்கள் காட்டும் நுணுக்கம் பெரிதும் சிந்திக்கத்தக்கது. அதே இடத்தில், அவர்தம் சமயச் சின்னங்களைப் பெருமைப்படுத்தும் அளவுக்கு அது சென்றுவிடலாகாது என்ற எல்லையையும் அவர்கள் வரையத் தவறவில்லை.

எல்லை என்றவுடன் மற்றொரு தாயின் நினைவு வருகிறது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இளம் வயதிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்கள். அன்னையின்மீது அளவற்ற பாசம் கொண்டவர்கள். மகன் மார்க்கத்தைத் துறக்கும்வரை பேசுவதில்லை, உண்பதில்லை, பருகுவதில்லை என்று அந்த அன்னை சூளுரைத்துவிட்டார். மூன்று நாள் கழிந்து மயங்கியும் விழுந்துவிட்டார். உமாரா என்ற மற்றொரு மகன் நீர் புகட்டினார். இதையொட்டி இறங்கிய வசனங்களுள் லுக்மான் அத்தியாயத்தின் பதினைந்தாவது வசனம் ஒரே மூச்சில் இரண்டு கட்டளைகளைத் தருகிறது. இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் அதற்குக் கீழ்ப்படியாதே. ஆனால் இவ்வுலகில் அவர்களுடன் நல்ல முறையில் கூடி வாழ்ந்திரு என்பது அதன் சாரம்.

எண்ணிப் பாருங்கள். இங்கே பேசப்படுவது சும்மா இருக்கும் தாய் தந்தையரைப் பற்றியன்று. ஈமானை விட்டுவிடும்படி போராடும் பெற்றோரைப் பற்றி! அத்தகைய பெற்றோரிடம்கூட அக்கோரிக்கைக்கு மட்டுமே மறுப்பு, உறவுக்கு மறுப்பில்லை. அவ்வாறிருக்க, பழைய பெயரைச் சொல்லி மகனை அழைத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கும் தாய் என்ன குற்றம் செய்தார்? பழைய பெயரால் தாய் அழைத்தால் பதில் தரக்கூடாது என்று எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை. மாறாக, பெற்றோர் வேறு மார்க்கத்தவராயினும் வறியவராயிருந்தால் அவர்களுக்குச் சோறும் துணியும் தந்து பராமரிப்பது வசதியுள்ள பிள்ளைமீது கடமையென்றே நம் நாட்டில் பின்பற்றப்படும் ஷாபிஈ, ஹனபீ மத்ஹபுகளின் சட்டநூல்கள் உரைக்கின்றன.

இனி, அந்த நண்பர் கூறிய 'ஏகத்துவம்' என்னும் சொல்லுக்கு வருவோம். அவர் கூற்றின் உள்ளே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஏகத்துவத்தில் ஒருவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை, மாற்றாரிடம் அவர் எவ்வளவு கடுமையாக நடக்கிறார் என்பதைக் கொண்டு அளக்கலாம் என்ற எண்ணமே அது. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? நாள்தோறும் தொழுகையில் நாம் ஓதும் அல்பாத்திஹா, அல்லாஹ்வை அகிலங்கள் அனைத்திற்கும் இரட்சகன் என்று அறிமுகம் செய்கிறது. முஸ்லிம்களின் இரட்சகன் என்று மட்டும் அது கூறவில்லை. படைத்தவன் ஒருவனே என்று நாம் நம்பினால், அடுத்த வீட்டாரைப் படைத்தவனும் அவனே, அவர் குழந்தைக்குப் பாலூட்டுபவனும் அவனே என்பதும் அந்நம்பிக்கையினுள் அடங்கியதே. அவர்களைப் படைத்துக் காக்க வேறொருவன் இருப்பதுபோல் நாம் நடந்துகொண்டால், தவ்ஹீதை நாம் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள்.

ஏகத்துவத்தின் தந்தையெனப் போற்றப்படுபவர்கள் இப்ராஹீம் (அலை) அவர்கள். பாலைநிலமாகிய மக்காவுக்காக அவர்கள் கையேந்திய துஆ பகரா அத்தியாயத்தின் 126ஆவது வசனத்தில் இடம்பெற்றிருக்கிறது. இந்நகரைப் பாதுகாப்பானதாக ஆக்குமாறும், இங்கு வாழ்வோரில் அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புவோருக்குக் கனிவகைகளை உணவாக அளிக்குமாறும் அவர்கள் வேண்டினார்கள். நம்புவோருக்கு என்று அவர்களே ஒரு வரையறை இட்டுக்கொண்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. முன்னர் தம் சந்ததியாருக்குத் தலைமைத்துவத்தை வேண்டியபோது, தம் வாக்குறுதி அநீதியாளர்களைச் சேராது என்று அல்லாஹ் அறிவித்திருந்தான். அந்த மரியாதையை மனத்திற்கொண்டே இங்கும் நம்பிக்கையாளருக்கென்று கேட்டார்கள் என விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஆனால், அல்லாஹ்வின் பதில் வேறாக இருந்தது. நிராகரிப்போருக்கும் சில காலம் சுகம் அனுபவிக்கத் தருவேன் என்றான் அவன். மறுமையில் அவர்களை விசாரித்துத் தண்டிப்பதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டான்.

தலைமைத்துவம் வேறு, சோறு வேறு! உணவுப் பந்தியில் பிரிவினை செய்ய அல்லாஹ் தன் உற்ற தோழருக்கும் இடம் தரவில்லை. தீர்ப்பு நாளின் அதிபதி அவன் ஒருவனே என்பதும் தவ்ஹீதின் ஒரு பகுதிதான். அதை மறந்து நாமே தீர்ப்பு வழங்கி, அத்தீர்ப்பின்படி நாமே பசிக்கப்போடவும் புறக்கணிக்கவும் புறப்படுவது எவருடைய உரிமையில் கை வைப்பதாகும்?

இவ்வளவு எழுதும் நானும் ஒரு காலத்தில் இதை உணராதவனாகவே இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மதரஸாவில் ஸனது பெற்று, தலைப்பாகையின் மடிப்புக் கலையாத புதிதில், சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் இமாமாக அமர்ந்திருந்தேன். ரமளான் மாதம். அஸருக்குப்பின் நோன்புக்கஞ்சி வாங்க வந்த மூதாட்டி ஒருவர், அடுத்த வீட்டு இந்துப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி என்றும், கஞ்சி மணத்துக்கு ஆசைப்படுகிறாள் என்றும் கூறி, அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கலாமா என்று வினவினார். நோன்பாளிக்கு உணவளிப்பதல்லவோ நன்மை என்று நான் வறட்டுத்தனமாகப் பதில் சொன்னேன். அம்மூதாட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அந்தப் புள்ளத்தாச்சியப் படைச்சதும் அல்லாதானே வாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கஞ்சியைக் கொடுத்தும்விட்டார். அன்றிரவு கிதாபுகளைப் புரட்டியபோது, பகரா அத்தியாயத்தின் 272ஆவது வசனத்தின் விரிவுரையில், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் என் கண்ணில் பட்டது. இணைவைப்பவர்களாயிருந்த தம் உறவினர்க்குத் தருமம் செய்ய நபித்தோழர்கள் சிலர் தயங்கினார்கள். அவர்களை நேர்வழியில் செலுத்துவது உம்மீது பொறுப்பாகாது என்று தொடங்கும் அவ்வசனம் அப்போதுதான் இறங்கி, அத்தயக்கத்தைப் போக்கியது என்பதே அவ்விளக்கம். ஜகாத்தின் சட்டம் தனி; அது முஸ்லிம்களிலுள்ள தகுதியுடையோர்க்கே உரியது என்பது பெரும்பான்மை இமாம்களின் முடிவு. ஆனால், ஏனைய தான தருமங்களின் வாயில் எவருக்கும் அடைக்கப்படவில்லை. ஏழாண்டுகள் ஓதியும் நான் அறியாததை, எழுத்தறியாத அந்த மூதாட்டி அறிந்திருந்தார்.

நபித்தோழர்களின் இல்லங்களில் இதற்குச் சான்றுகள் நிறைந்துள்ளன. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அண்டை வீட்டாரைக் குறித்து ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை அதற்குக் காரணமாகவும் காட்டினார்கள். உமர் (ரலி) அவர்கள் தமக்கு அளிக்கப்பட்ட பட்டாடையை மக்காவிலிருந்த இணைவைக்கும் சகோதரருக்கு அனுப்பிவைத்ததும் புகாரியில் உள்ளது.

இவையெல்லாம் உறவினர், அயலார் பற்றியவை. பகைவரைப் பற்றிய ஒன்றையும் கேளுங்கள். யமாமா நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான துமாமா இப்னு உதால் சிறைபிடிக்கப்பட்டுப் பள்ளிவாசல் தூணில் கட்டிவைக்கப்பட்டிருந்தார். மூன்றாம் நாள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வித ஈடும் பெறாது அவரை விடுவித்தார்கள். அவர் அருகிலிருந்த பேரீச்சந்தோட்டத்திற்குச் சென்று குளித்துவிட்டு வந்து தாமாகவே கலிமா மொழிந்தார். பின்னர் உம்ராவுக்காக மக்கா சென்றபோது, அல்லாஹ்வின் தூதர் அனுமதியின்றி யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணியும் இனி உங்களுக்கு வராது என்று குறைஷியரிடம் அறிவித்தார். மக்காவில் பஞ்சம் தலைகாட்டியது. அக்குறைஷியர் யார்? அபூதாலிப் கணவாயில் பனூ ஹாஷிம் கிளையாரை ஒதுக்கிவைத்து, குழந்தைகளைப் பசியால் கதறவிட்டவர்கள்! அவர்கள் உறவு முறையைச் சொல்லி முறையிட்டு மடல் அனுப்பினார்கள். தானியத்தைத் தடுக்க வேண்டாம் என்று துமாமா (ரலி) அவர்களுக்கு எழுதியனுப்பினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். இச்செய்தி இப்னு ஹிஷாம் அவர்களின் வரலாற்று நூலில் உள்ளது.

இரும்புக்கடை இளைஞரின் செய்திக்கு மீள்கிறேன். இருபது நாட்களுக்குப்பின் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவமனையில் இரவு பகலாகத் தாய்க்குப் பணிவிடை செய்ததாகவும், அன்று காலை தாயார் காலமாகிவிட்டதாகவும் கூறினார். மூத்த மகன் அவர்தாம். கொள்ளிவைக்க வேண்டும் என்று உறவினர் கூடிநிற்கிறார்கள். "என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்றார்.

அபூதாலிப் அவர்கள் மறைந்தபோது, அலீ (ரலி) அவர்களைச் சென்று தந்தையாரை அடக்கம் செய்துவரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் இருக்கிறது. நெருங்கிய உறவினர் பிற சமயத்தவராயின் அவரது இறுதிப் பயணத்தில் உடன் செல்வது ஆகும் என்று ஷாபிஈ சட்ட அறிஞர்கள் கூறுவதும் இதைக்கொண்டே. காதிஸிய்யாவில் நடந்ததும் என் நினைவிற்கு வந்தது. ஸஹ்ல் இப்னு ஹுனைஃப், கைஸ் இப்னு ஸஅத் (ரலி அன்ஹுமா) ஆகியோர் அங்கு அமர்ந்திருக்கையில் ஒரு பிரேதம் கடந்துசெல்ல, எழுந்து நின்றார்கள். அது இந்நாட்டுப் பிற சமயத்தவரின் பிரேதமல்லவா என்று கேட்கப்பட்டது. யூதர் ஒருவரின் பிரேதத்திற்காக நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், கேட்டவர்களிடம் அதுவும் ஓர் உயிர்தானே என்று வினவியதையும் அவ்விரு தோழர்களும் எடுத்துரைத்தார்கள்.

அவரிடம் சொன்னேன்: "சமயச் சடங்காகிய கொள்ளியைத் தம்பியிடம் விட்டுவிடுங்கள். யாருடைய மனமும் புண்படாமல், முன்னதாகவே பெரியவர்களிடம் பணிவுடன் சொல்லிவிடுங்கள். அவர்கள் வணங்குவனவற்றைக் குறித்து ஒரு சொல்லும் ஏசலாகாது. அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆவது வசனம் அதைத் தடுத்திருக்கிறது. மற்றபடி மகன் செய்யவேண்டிய செலவு, அலைச்சல், உடன் செல்லுதல் எல்லாவற்றையும் நீங்களே முன்னின்று செய்யுங்கள்."

மஃபிரத் வேண்டிப் பிரார்த்திக்கலாமா என்றும் கேட்டார். அதற்கு மார்க்கம் இட்டுள்ள தடையைச் சொல்லும்போது என் நாவு தடுமாறியது. சட்டத்தை மறைக்கவும் இயலவில்லை. அந்தப் பிள்ளையின் மௌனத்தைத் தாங்கவும் இயலவில்லை. நீதியாளர்களுக்கெல்லாம் நீதியாளனும், தாயினும் இரக்கமுடையவனுமாகிய அல்லாஹ்விடம் அவர் காரியம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்றேன். சற்றுநேரம் கழித்து, "அழலாமா?" என்றார்.

நாயகம் (ஸல்) அவர்களின் மகளாருடைய குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, அக்குழந்தையை ஏந்திய அண்ணலாரின் கண்கள் நீரைச் சொரிந்தன. ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் வியந்து கேட்க, அது அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளத்தில் வைத்துள்ள இரக்கம் என்று விளக்கினார்கள். அதைச் சொன்னேன். மறுமுனையில் அவர் அழத் தொடங்கினார். நான் தொலைபேசியை வைக்காமல் அவர் அழுதுமுடிக்கும்வரை இருந்தேன்.

மருத்துவமனைக் கடனைத் தாமே அடைத்துவிட்டு வந்தார். தம்பியின் வீட்டுக்கு இப்போது மாதம் ஒருமுறை சென்றுவருகிறார். இவர் வருகிறார் என்றால் தம்பி மனைவி தனிப்பாத்திரத்தில் மீன்குழம்பு வைத்து, தொழுவதற்கென ஓர் அறையையும் ஒழித்துத் தருகிறாராம். சென்ற வாரம் ஜும்ஆ முடிந்ததும் மறுபடி ஹவுளின் ஓரத்தில் நின்றார். தம்பி மகளுக்குக் கோயிலில் காதுகுத்து. பின்னர் வீட்டில் விருந்து. கோயில் சடங்கு முடிந்தபின் வீட்டுக்குச் சென்று, குழந்தைக்கு ஒரு மோதிரம் அணிவித்து, உண்டுவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன்.